சுண்டு விரலின் பாரம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்தார். தையல் மிஷின் மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று சுற்றுகிற சாமான் எது நின்றுபோனாலும் அங்கே கொண்டுவருவார்கள். சுற்ற வைத்துக் கொடுப்பார்.

சீடரின் பெயர் நெல்லைநாயகம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி ஓய்ந்தவர். ஊருக்கு அவர் மாஸ்டர். ஜெசிந்தாவின் கடைக்குள் காலை வைத்தால் மட்டும் மாணவர்.

"என்னை டீச்சர்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. கேக்கவங்க சிரிப்பாங்க" என்று ஜெசிந்தா முதல் வாரமே சொல்லிப் பார்த்தார்.

"சொல்லித்தாறவங்க டீச்சர்தான். சிரிக்கவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றார் நெல்லைநாயகம்.

அவர் வேலை கற்றுக்கொள்ள வந்தது ஒரே ஒரு மிஷினுக்காக. ஒரு பழைய எலெக்ட்ரிக் டைப்ரைட்டர். அதை ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

"வச்சுட்டுப் போங்க, நான் பாத்துத் தாறேன்" என்றார் ஜெசிந்தா.

"அது போதாது டீச்சர். நாளைக்கு நின்னுபோச்சுன்னா அன்னைக்கே ஓட வைக்கணும். அதுக்கு வீட்டுலயே ஆளு வேணும். எனக்குச் சொல்லிக்குடுங்க."

"அவ்வளவு அவசரமா டைப் அடிக்கப்போறது யாரு?"

"வீட்டுல."

வீட்டில் என்றால் அவர் மனைவி உலகம்மாள். வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். அவர் அடித்த பத்திரத்தில் ரப்பர் பட்ட இடம் இருக்காது என்று கோர்ட்டில் பேச்சு உண்டு. போன வருஷம் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது. கால் திரும்பியது. இடது கை மட்டும் திரும்பவில்லை.

விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அப்படியே மடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிசைவதற்கு ஒரு ஸ்பாஞ்சுப் பந்தும் கொடுத்தார். அந்தப் பந்து ஃப்ரிட்ஜின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நெல்லைநாயகம் இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஒரு சாதாரண டைப்ரைட்டரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தார். உலகம்மாள் இடது கை விரலை எழுத்துக் கட்டை மேல் வைத்து அழுத்தினார். கட்டை இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு மிஷினை உறை போட்டு மூடினார். அந்த உறையை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

எலெக்ட்ரிக் மிஷினுக்குத் தொட்டால் போதும் என்று நெல்லைநாயகம் கேள்விப்பட்டிருந்தார். உலகம்மாள் வேலை பார்த்த அதே ஆபீஸில் அப்படி ஒன்று பீரோவின் மேல் பல வருஷமாகச் சும்மா இருந்தது. போய்க் கேட்டார். தூசியோடு கொடுத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. முதல்ல மூடியைக் கழத்துங்க."

மூடிக்குள் எல்லாம் பாகு. அந்த ஆபீஸில் மிஷின் மக்கர் செய்யும்போதெல்லாம் யாராவது எண்ணெய் விட்டிருக்கிறார்கள். விட்ட எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிடித்து, வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. நெல்லைநாயகம் மண்ணெண்ணெயில் பிரஷை முக்கி, கம்பி கம்பியாகத் தேய்த்தார். மோட்டாரின் பெல்ட் கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. தையல் மிஷின் பெல்ட்டை அளவாக வெட்டி ஜெசிந்தா மாட்டிக் காட்டினார். மாட்டியதைக் கழற்றி, "இப்போ நீங்க மாட்டுங்க" என்றார்.

கண்டென்சரை மாற்றினார்கள். கட்டைகளுக்கு அடியில் ஒரு ரப்பர் உருளை இருந்தது. மோட்டார் ஓடினால் அதுவும் சுற்றும். கட்டையைத் தொட்டால் போதும்; அந்த உருளை எழுத்துக் கம்பியைப் பிடித்துத் தாளின் மேல் வீசிவிடும். அதன் மேல்தோல் இறுகிப்போயிருந்தது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டார்கள். மிஷின் ஓடியது.

'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். நெல்லைநாயகம் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருடைய இன்ஸ்டிடியூட் மிஷின்கள் எதுவும் அடிக்காதபோது பேசியதில்லை.

"டீச்சர், யாரும் அடிக்கலையே. எதுக்கு இந்தச் சத்தம்?"

"அது அப்படித்தான்."

"குறையா?"

"குறை இல்ல."

"அப்போ எதுக்கு?"

"அப்புறம் சொல்லுதேன். தாளைப் போட்டு அடிச்சுப் பாருங்க."

நெல்லைநாயகம் தாளைச் செருகினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையின் நான்கு விரல்களை ஏ, எஸ், டி, எஃப் கட்டைகளின் மேல் வைத்தார். வலது கையை அதன் இடத்தில் வைத்தார். பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு இரண்டு வரி அடித்தார்.

எழுத்துக்கள் கறுப்பாக, நேராக விழுந்தன. ஆனால் நடுநடுவே, யாரும் அழைக்காத இடத்தில், ஒரு 'ஏ' வந்து உட்கார்ந்திருந்தது.

மறுபடி அடித்தார். மறுபடி வந்தது.

"ஏ கட்டையில என்னவோ இருக்கு" என்றார்.

ஜெசிந்தா ஒற்றை விரலால் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்களைத் தட்டிப் பார்த்தார். எதுவும் கூடுதலாக விழவில்லை.

"எனக்கு வரலையே அண்ணாச்சி."

"நீங்க ஒத்த விரல்ல தட்டுதீங்க. முறையா அடிச்சாத்தான் குறை தெரியும்."

ஏ கட்டையைக் கழற்றித் துடைத்தார். கம்பியை நிமிர்த்தினார். மாட்டினார். அடித்தார். 'ஏ' வந்தது. அடுத்த வாரம் முழுக்க அதே வேலைதான்.

"இப்படியே கொண்டுபோய்க் குடுங்களேன். அக்கா அடிச்சுப் பாக்கட்டும்" என்றார் ஜெசிந்தா.

நெல்லைநாயகம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மாட்டேன் டீச்சர். உங்களுக்கு அவளைத் தெரியாது. ஒரு எழுத்து தப்பா விழுந்தாலும் மிஷினைச் சொல்ல மாட்டா. தன் கையைத்தான் சொல்லுவா. அப்புறம் இதையும் உறை போட்டு மூடிருவா. இன்னொரு மிஷினுக்கு நான் எங்க போவேன்?"

ஜெசிந்தா மேஜையிலிருந்த சின்ன ஸ்குரு டிரைவரை எடுத்தார். சுவரோரம் ரிப்பேருக்கு வந்திருந்த சாதாரண டைப்ரைட்டரின் ஏ கட்டை மேல் அதைப் படுக்க வைத்தார். கட்டை அசையவில்லை. அதே ஸ்குரு டிரைவரை எலெக்ட்ரிக் மிஷினின் ஏ கட்டை மேல் வைத்தார்.

'டக்' என்று எழுத்து விழுந்தது.

நெல்லைநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"இதுதான் குறையா! ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. ஸ்குரு டிரைவர் பாரத்துக்கே இறங்குதே."

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் ஒரு அம்மாள் மிக்ஸியோடு வந்துவிட்டார். இட்லிக்கு அரிசி பாதியில் நிற்கிறதாம். அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

மறுநாள் தன் சொந்த அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காக ஜெசிந்தா தூத்துக்குடி போனார். கடைச் சாவி நெல்லைநாயகத்திடம் இருந்தது.

அவர் ஸ்பிரிங் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். கெட்டியான ஸ்பிரிங்குகளாகப் பொறுக்கினார். ஏ கட்டைக்கு ஒன்று மாட்டினார். அடித்துப் பார்த்தார். 'ஏ' வரவில்லை. ஒரு கட்டை மட்டும் கனமாக இருந்தால் விரலுக்கு இடறும் அல்லவா? நேர்த்தியான மனிதர். எல்லாக் கட்டைக்கும் மாற்றினார். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை ஒரு பாட்டில் மூடியில் போட்டு வைத்தார்.

ஒரு பக்கம் முழுக்க அடித்தார். ஒரு தப்பு இல்லை. அந்தத் தாளை மடிக்காமல், வளைக்காமல், ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டார். மிஷினை ஆட்டோவில் ஏற்றினார்.

வீட்டில் உலகம்மாள் தாளைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையை எடுத்து வைத்தார். ஆள்காட்டி விரலை அழுத்தினார்.

கட்டை இறங்கவில்லை.

"தொட்டாப் போதும்னு சொன்னீங்க" என்றார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து உலகு."

அழுத்தினார். தோள்பட்டை வரை நடுங்கியது. கட்டை பாதி இறங்கி மேலே வந்துவிட்டது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அடிச்சுக் காட்டிட்டீங்களே" என்றார் உலகம்மாள். "இதுக்கும் ஒரு உறை தச்சுருங்க."

ஜெசிந்தா ஊரிலிருந்து திரும்பியபோது கடை வாசலில் மிஷினும் நெல்லைநாயகமும் காத்திருந்தார்கள்.

"மிஷின்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். அவளாலதான் முடியல."

ஜெசிந்தா பையைக்கூட இறக்கவில்லை. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"இந்த ஸ்பிரிங்கு யாரு போட்டா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஏ விழுந்துக்கிட்டே இருந்துதுல்லா."

"யாருக்கு விழுந்துது?"



ஜன்னல் கண்ணாடி பதிக்க வைக்கிற புட்டிப் பசை கொஞ்சம் கடையில் இருந்தது. ஜெசிந்தா அதைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து ஒரு பலகையில் தட்டையாகப் பரப்பினார். பலகையை அவர் முன்னால் வைத்தார்.

"இதுதான் கட்டைன்னு நினைச்சுக்கிடுங்க. கையை வைங்க. அடிக்க வேண்டாம். சும்மா வைங்க."

நெல்லைநாயகம் இடது கையை வைத்தார்.

"சும்மா வைங்க அண்ணாச்சி."

"சும்மாதான் வச்சிருக்கேன்."

"சரி, எடுங்க."

கையை எடுத்தார். புட்டியில் நான்கு பள்ளம். மூன்று பள்ளம் மேலோட்டமாக இருந்தது. சுண்டு விரலின் பள்ளத்தில் மட்டும் அடியிலிருந்த பலகை தெரிந்தது.

நெல்லைநாயகம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதாரண மிஷினில் விரலின் பலம்தான் எழுத்தின் கறுப்பு. சுண்டு விரல் சோதா. அதனால் பிள்ளைகள் அடிக்கிற 'ஏ' எப்போதும் வெளுத்துப்போய் விழும். பரீட்சையில் மார்க் போகும். எத்தனையோ பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, 'சுண்டு விரலை அழுத்து, இன்னும் அழுத்து' என்று சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு முன் தன் விரலைப் பழக்கினார். அவருடைய 'ஏ' மாதிரி கறுப்பான 'ஏ' ஜில்லாவிலேயே கிடையாது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"பழைய ஸ்பிரிங்கெல்லாம் தூரப் போட்டுட்டீங்களா?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"இல்ல. மூடியில இருக்கு."

"நல்லவேளை."

நெல்லைநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கெட்டி ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மெல்லிய ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக மாட்டினார். ஜெசிந்தா கூடமாட ஒரு கை கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

மாட்டி முடித்துவிட்டு நெல்லைநாயகம் சொன்னார்: "மிஷின் சரியாயிட்டு. ஆனா இனிமே அவ தொட மாட்டா டீச்சர். ரெண்டு தடவை ஆயாச்சு. மூணாவது தடவை அவளை நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

"அக்காவைக் கூப்பிட வேண்டாம். நீங்க உக்காந்து அடிங்க."

"நான் அடிச்சா ஏ விழுமே."

"விழட்டும்."

நெல்லைநாயகம் மிஷினைத் தூக்கிக்கொண்டார். ஜெசிந்தாவும் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பினார்.

உலகம்மாள் ஜெசிந்தாவை வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா. இவரைக் கொஞ்ச நாள் உங்க கடையிலயே வச்சுக்கிட்டா என்ன? வீட்டுல எதைக் கண்டாலும் கழத்துதாரு. நேத்து குக்கர் கைப்பிடியைக் கழத்திட்டாரு."

"அது ஆடிக்கிட்டு இருந்துது உலகு" என்றார் நெல்லைநாயகம்.

"இப்போ தனியா ஆடுது" என்றார் உலகம்மாள். அப்புறம்தான் கணவர் கையிலிருந்த மிஷினைக் கவனித்தார். சிரிப்பு நின்றது. "இதை எதுக்குத் திரும்பத் தூக்கிட்டு வந்தீங்க?"

"உங்களுக்கு இல்ல அக்கா. அண்ணாச்சிக்குப் பரீட்சை. எனக்கு டைப் தெரியாது, மார்க் போட ஆளு வேணும்" என்றார் ஜெசிந்தா.

மிஷினைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் 'உம்ம்ம்' என்ற சத்தம் எழுந்தது. நெல்லைநாயகம் உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில், டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் யாருக்கு மார்க் அதிகம் என்று வீட்டில் பேச்சு வந்தால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். அதிக மார்க் உலகம்மாளுக்கு. இப்போது உலகம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, நெல்லைநாயகம் இரண்டு வரி அடித்தார்.

உலகம்மாள் குனிந்து தாளைப் பார்த்தார்.

"என்னங்க இது? எங்க பாத்தாலும் ஏ கிடக்கு."

"மிஷின்ல..." என்று தொடங்கினார் நெல்லைநாயகம். நிறுத்திக்கொண்டார். "என் சுண்டு விரல்" என்றார்.

"உங்க சுண்டு விரலா?"

"அது சும்மா இருக்க மாட்டேங்குது."

உலகம்மாளின் வாய் ஓரம் நெளிந்தது. "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் அழுத்து அழுத்துன்னு விரட்டின விரல்லா அது. இன்னும் ஒருதரம் அடிங்க, பாப்போம். லேசா."

லேசாக அடித்தார். இரண்டு 'ஏ' சேர்ந்து விழுந்தன.

"லேசான்னா இதுவா? சொம்பைத் தூக்கி வச்ச மாதிரி வைக்கீங்க."

மறுபடி அடித்தார். நெற்றி வேர்த்துவிட்டது. இன்னொரு 'ஏ'.

"அய்ய, நகருங்க" என்றார் உலகம்மாள்.

நெல்லைநாயகம் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்த பிறகுதான், தான் உட்கார்ந்துவிட்டது உலகம்மாளுக்கே தெரிந்தது. ஒரு நிமிஷம் மிஷினைப் பார்த்தார். பிறகு, தூங்குகிற குழந்தையின் கையை எடுத்து வைப்பதுபோல, வலது கையால் இடது மணிக்கட்டைத் தூக்கிக் கட்டைகளுக்கு மேலே பிடித்தார்.

டைப்ரைட்டிங் படித்த எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். ஏ, எஸ், டி, எஃப். சுண்டு விரலில் தொடங்கி ஆள்காட்டி விரலில் முடியும். உலகம்மாள் அதைப் பின்னாலிருந்து தொடங்கினார். ஆள்காட்டி விரல் எஃப் கட்டையைத் தொட்டது.

'டக்.'

உலகம்மாள் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

"நான் அழுத்தவே இல்லையே."

"அழுத்த வேண்டாம் அக்கா. அடிக்கிறது மோட்டார் வேலை. எதுன்னு சொன்னாப் போதும். நீங்க சொல்லுத வரைக்கும் அது ஓடிக்கிட்டே காத்துக் கிடக்கும்" என்றார் ஜெசிந்தா.

நடு விரல். 'டக்.'

மோதிர விரல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. எங்கே இறங்குவது என்று தேடியது. 'டக்.'

தாளில் மூன்று எழுத்து. மூன்றும் ஒரே கறுப்பு. கூட ஒன்றும் விழவில்லை.

உலகம்மாள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏ பாக்கி" என்றார்.

சுண்டு விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. உலகம்மாள் அதையே பார்த்தார். அது அசையவில்லை. பிறகு நகம் மட்டும் வெளியே வந்தது. பிறகு முதல் கணு. மடிந்தே இருந்து பழகிய விரல், யாரோ கூப்பிட்டதைக் கேட்டதுபோல, மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஏ கட்டைக்கு மேலே வந்து நின்றது. ஒரு நெல் இடைவெளி இருக்கும். அங்கேயே நின்றது.

வீட்டில் மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது.

நெல்லைநாயகத்தின் கை மடியிலிருந்து தானாக எழுந்தது. வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சர்," என்றார் ரகசியமாக, "நான் லேசாப் பிடிச்சு அழுத்திவிடட்டுமா?"

ஜெசிந்தா அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் அடிக்காதப்போ எதுக்கு இந்தச் சத்தம்னு கேட்டீங்கல்லா, அண்ணாச்சி?"

"ஆமா."

"இதுக்குத்தான்."